கடைக்கோடித் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குடிதண்ணீர் பற்றியவை, அதிலும் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துக் கடிதங்கள்தான் அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டுத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர்ப் பக்கம் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊருக்குக் காவிரித் தண்ணீர் வந்து பல வருஷம் ஆகிறது. டேங்க் இருக்கிறது, வீட்டுக்கு வீடு குழாயும் போட்டுவிட்டார்கள். ஆனால் டேங்க்கை ஒட்டிய இரண்டு தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, கடைசித் தெருவில் இருக்கும் எங்களுக்கு வாரக்கணக்கில் வருவதில்லை. குடம் பத்து ரூபாய்க்கு வாங்குகிறோம். கேட்டால் "மேலேயிருந்தே வரல" என்கிறார்கள். உண்மையா? – வாசகி, கடலாடி வட்டம்

பதில்: சகோதரி, அது உண்மையாகவும் இருக்கலாம், பாதி உண்மையாகவும் இருக்கலாம். எது என்று நீங்களே கண்டுபிடித்துவிட முடியும். அதற்கு எஞ்சினியர் படிப்பெல்லாம் தேவையில்லை, ஒரு குடமும் போனில் இருக்கிற கடிகாரமும் போதும்.

முதலில் அந்த "மேலே" எது என்று சொல்லிவிடுகிறேன். 2009-இல் திறந்த ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம், அன்றைய மதிப்பில் 616 கோடி ரூபாய். திருச்சி அருகே காவிரிப் படுகையில் எடுக்கிற தண்ணீர், புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களுக்கும் கொடுத்துக்கொண்டே உங்கள் மாவட்டத்துக்கு வருகிறது. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயிலேயே பயணம். வழியெல்லாம் பம்ப் ஹவுஸ், தரைத்தொட்டி, மறுபடி பம்ப். எங்கோ ஓரிடத்தில் கரண்ட் போனாலும், ரோடு போடுகிறவர்கள் குழாயை உடைத்தாலும், அந்த நாளின் நஷ்டத்தை வழியில் உள்ளவர்கள் எல்லோரும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. முன்னால் இருக்கிறவர் வழக்கம்போல எடுத்துக்கொள்வார், மிச்சம்தான் அடுத்தவருக்கு. கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்து ஊர்கள் அந்தக் குழாயின் வால் முனையில் இருக்கின்றன, அதனால் குறைவு என்று வந்தால் முதலில் அங்கேதான் தெரியும். இது மேலே நடப்பது.

இதே கதை உங்கள் ஊருக்குள் சின்ன அளவில் மறுபடி நடக்கிறது. டேங்க்கிலிருந்து இறங்குகிற குழாய் முதல் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, மீதி அழுத்தத்தோடு இரண்டாம் தெருவுக்குப் போய், உங்கள் தெருவுக்கு வரும்போது காற்றுதான் வருகிறது. முதல் தெருவில் நாலு வீட்டில் குழாயிலேயே மோட்டார் மாட்டியிருந்தால் அந்தக் காற்றுகூட வராது. இதில் "மேலேயிருந்து வரல" என்பதற்கு வேலையே இல்லை.

இப்போது கண்டுபிடிக்கிற வழி. டேங்க்குக்குத் தண்ணீர் ஏறுகிற நாளில், எத்தனை மணிக்கு ஏற ஆரம்பித்தது, எப்போது நிறைந்தது என்று ஆபரேட்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் திறந்துவிட்டதும் முதல் தெருவின் முதல் வீட்டில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிஷம் ஆகிறது, உங்கள் தெருவின் கடைசி வீட்டில் எத்தனை நிமிஷம் (அல்லது வரவே இல்லையா) என்று இரண்டு பெண்கள் இரண்டு முனையில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். இதை ஒரு மாதம் செய்தால் போதும். டேங்க் நிறைந்தும் உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் கோளாறு ஊருக்குள் இருக்கிறது, ஊராட்சியிலேயே தீர்க்கக்கூடியது, தெருவுக்கொரு கேட் வால்வு வைத்து முறை போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். டேங்க்கே நிறையவில்லை என்றால் நீங்களும் முதல் தெருக்காரரும் சண்டை போட்டுக்கொண்டு பயனில்லை, உங்களைப் போன்ற வால் முனை ஊர்கள் நாலைந்து சேர்ந்து திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கு அந்தக் கணக்கு நோட்டோடு போக வேண்டும். வாயால் சொன்னால் "பார்க்கிறோம்" என்ற பதிலோடு அனுப்பிவிடலாம். தேதி போட்டு எழுதின நோட்டை அப்படித் தள்ளிவிடுவது கஷ்டம், அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காசு கணக்கையும் சொல்லிவிட வேண்டும், எனக்கு இதில்தான் நெஞ்சு கொதிக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர். பத்து ரூபாய்க்கு 15 லிட்டர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 667 ரூபாய். எந்த நகரத்தில் வீட்டுக் குழாய் வைத்திருக்கிறவர் ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு கொடுக்கிறார்? ஒரு நாளைக்கு நாலு குடம் மட்டும் வாங்கினாலே மாதம் 1,200 ரூபாய். 2025-26-க்கு அரசு அறிவித்த நூறுநாள் வேலைக் கூலி 336 ரூபாய், அதாவது மூன்றரை நாள் வெயிலில் மண் சுமந்த கூலி முழுக்க நாலு குடம் தண்ணீருக்கே போகிறது. அந்த நாலு குடமும் குடிக்கவும் உலை வைக்கவும்தான். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கிற மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் விதிப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் வர வேண்டும், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், உங்கள் குடத்தில் பதினெட்டுக் குடத்துக்கு மேல். குழாய் நட்டுவிட்டால் மட்டும் அந்த விதி நிறைவேறியதாகாது. அளவு, தரம், தவறாமல் வருவது மூன்றும் சேர்ந்தால்தான் அதை வேலை செய்கிற இணைப்பு என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நான் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். தண்ணீர் வராவிட்டால் ஊரே என்னைத் திட்டுகிறது. ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் என்று சொல்வது நான் இல்லை. சொன்னபடி செய்யாவிட்டால் வேலை போய்விடும். – வாசகர், திருச்சுழி பக்கம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஊரில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிற ஒருவர் கையில் வால்வுச் சாவியைக் கொடுத்துவிட்டு, அதைத் திருப்புகிற அதிகாரத்தை மட்டும் வேறு யாரோ வைத்துக்கொள்வது பல ஊரில் நடக்கிற அநியாயம். ஏச்சு உங்களுக்கு, தண்ணீர் அவர்களுக்கு.

நீங்கள் தனியாக எதிர்த்து நிற்க வேண்டாம். உங்களைக் காப்பாற்றுவது எழுத்துதான். எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று ஒரு முறைப்பட்டியல் கிராமசபையில் தீர்மானமாகப் போடப்பட்டு, டேங்க்கின் காலிலேயே பெயின்ட்டில் எழுதப்பட வேண்டும். அதை நீங்கள் கேட்பதைவிட கடைசித் தெருப் பெண்கள் கேட்டால் நல்லது, அவர்களிடம் சொல்லுங்கள், நிச்சயம் கேட்பார்கள். பட்டியல் சுவரில் ஏறிய பிறகு யாராவது "எங்க தெருவுக்கு இன்னும் அரை மணி விடு" என்றால் நீங்கள் சுவரைக் காட்டலாம். அப்புறம், தினமும் ஏற்றிய நேரம், திறந்த நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், இன்று வேலையாகத் தெரிந்தாலும் நாளை விசாரணை என்று வந்தால் அந்த நோட்டுதான் உங்கள் பக்கம் நிற்கும்.

கேள்வி: குழாயில் மோட்டார் வைப்பது தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் தெருவே வைத்திருக்கிறது, நான் மட்டும் வைக்காவிட்டால் ஒரு சொட்டும் வராது. என்ன செய்யச் சொல்கிறீர்கள்? – வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: நேர்மையான கேள்வி. உங்களைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் இல்லை, ஆனால் மோட்டார் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தண்ணீர் தன் அழுத்தத்தில் குழாயில் ஓடும்போது, குழாயில் கீறல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். மோட்டார் போட்டு உறிஞ்சும்போது நேர்மாறு, வெளியே இருப்பது உள்ளே வரும். நம் தெருக்களில் குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். காலையில் முதல் இரண்டு குடம் கலங்கலாக, வாடையோடு வருகிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். அந்தத் தண்ணீரைக் குடித்து உங்கள் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு மோட்டார் விலையைத் தாண்டிவிடும்.

வசதி இருந்தால் வாசலில் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு சம்ப் கட்டி, தண்ணீர் தானாக அதில் விழும்படி வைத்து, சம்ப்பிலிருந்து மாடிக்கு மோட்டார் போடுங்கள், அதில் யாருக்கும் கேடு இல்லை. வசதி இல்லாதவர்கள் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, குழாயை அதில் இறக்கி, குடத்தைப் பள்ளத்தில் வைத்துப் பிடிப்பதை நம் ஊர்களில் எங்கும் பார்க்கலாம். குறைந்த அழுத்தத்திலும் வரும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள், ஆனால் சாக்கடைத் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கவே விடக்கூடாது. மோட்டாரை ஒருவர் மட்டும் கழற்றினால் அவருக்குத்தான் நஷ்டம். தெரு முழுக்கப் பேசி ஒரே நாளில் கழற்ற வேண்டும். நகராட்சி வந்து பிடுங்குவதைவிட தெருவே முடிவெடுப்பது நிலைக்கும்.

கேள்வி: ஊரில் ஒரு டேங்க், எங்கள் காலனிக்குத் தனியாக ஒரு சின்ன டேங்க். ஊர் டேங்க் நிறைந்த பிறகு மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. ஊருக்குள் போய்ப் பொதுக் குழாயில் பிடித்தால் முகம் சுளிக்கிறார்கள், சில நேரம் வரிசையிலிருந்து விலகி நிற்கச் சொல்கிறார்கள். இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா? – வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: இருக்கிறது, சகோதரி. ஒன்றல்ல, பல. அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பொதுக் கிணறு, குளம், குளிக்கும் துறை எதிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக்கூடாது என்று சொல்கிறது. 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம் ஆறு, ஊற்று, கிணறு, குளம், தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமை என்கிறது. புகார் கொடுத்தால் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும்.

1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்து மகத் என்ற ஊரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் சௌதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி அதற்கு முன்பே தீர்மானம் போட்டிருந்தது, தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்ல 1937 ஆனது. நூறு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் மாவட்டத்திலேயே வேங்கைவயலில் 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்ததை நாடே பார்த்தது. இதையெல்லாம் எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனால் எழுதாமல் இருக்க முடியாது.

தனி டேங்க் என்பதைச் சலுகை மாதிரிப் பேசுவார்கள். உங்கள் ஊர் நிலவரப்படி, பொதுக் குழாயில் ஒன்றாக நிற்பதைத் தவிர்க்கத்தான் அது கட்டப்பட்டது போலத் தெரிகிறது, அதனால்தான் அதை நிரப்புவதில் யாருக்கும் அக்கறை இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு டேங்க்குக்கும் மெயின் லைனிலிருந்து ஒரே நேரத்தில் தண்ணீர் ஏறும்படியான இணைப்பு. மிச்சம் என்ற பேச்சே இருக்கக்கூடாது. அதைக் கிராமசபையில் தீர்மானமாகக் கேளுங்கள். வரிசையில் விலகி நிற்கச் சொன்னது யார், எந்தத் தேதி, கூட இருந்தது யார் என்று எழுதி வையுங்கள். தனியாகப் போலீஸ் ஸ்டேஷன் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.

கேள்வி: ராமநாதபுரத்தில் மழையே பெய்யாதா? அப்படியானால் தண்ணீர் இல்லை என்று புலம்பி என்ன பயன்? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெய்யும். வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் சொச்சம். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும், மீதி மாதம் வெயில்தான். நிலத்தடி நீர் பல இடத்தில் உப்பு.

இதில் பாதிகூடக் கிடைக்காத ஊர் ஒன்று சொல்கிறேன். மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்து ஹிவ்ரே பஜார், வருஷ மழை சுமார் 400 மில்லிமீட்டர். பொபட்ராவ் பவார் தலைவரான பிறகு அந்த ஊர் தடுப்பணைகள் கட்டியது, அதோடு நிற்கவில்லை, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு வைத்தது. ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு மழை விழுந்தது என்று கணக்குப் பார்த்து, குடிக்கவும் ஆடுமாட்டுக்கும் ஒதுக்கியது போக மீதிக்குத்தான் பயிர்.

அதைவிட எனக்குப் பிடித்தது அதே மாநிலத்தின் புணே மாவட்டம், புரந்தர் வட்டத்து நாய்காவ். 1972 பஞ்சத்துக்குப் பிறகு விலாஸ்ராவ் சாளுங்கே என்ற பொறியாளர் அங்கே ஆரம்பித்தது பானி பஞ்சாயத்து. எவ்வளவு நிலம் வைத்திருக்கிறாய் என்று கேட்காமல் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். தலைக்கு அரை ஏக்கருக்கான தண்ணீர், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்கு. நூறு ஏக்கர் வைத்திருந்தாலும் அவ்வளவுதான். நிலமே இல்லாதவருக்கும் பங்கு உண்டு. நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை கூடவே போகாது. கரும்புக்கு இடமில்லை. தண்ணீரை நிலத்தோடு கட்டிப்போட்டிருக்கும் வரை நிலம் உள்ளவரிடம்தான் அது போய்ச் சேரும் என்று அந்த மனிதர் கண்டுகொண்டார், நம் ஊர்க் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

இன்னொன்று. 2016-இல் அதே மாநிலத்து லாத்தூருக்கு மிரஜ் நகரத்திலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்களே, அந்த மராத்வாடா வட்டாரத்தில்தான் கரும்பு பயிராகிக்கொண்டிருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை என்பதும் வயலில் கரும்பு நிற்பதும் ஒரே மாவட்டத்தில் ஒரே வருஷம் நடக்க முடிகிறது. மழையை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம்.

கேள்வி: எங்கள் ஊருணியைத் தூர்வாரப் போகிறோம். ஜேசிபி வைத்து நல்ல ஆழமாகத் தோண்டினால் நிறையத் தண்ணீர் நிற்கும்தானே? – வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் பக்கத்து மண்ணில் நல்ல தண்ணீர் பல இடத்தில் மேலாகவும் உப்புத் தண்ணீர் அடியிலும் இருக்கிறது. ஊருணி என்பது மழைத் தண்ணீரைக் களிமண் படுகையில் தாங்கி நிறுத்துகிற ஏற்பாடு. அந்தக் களிமண் அடுக்கை ஜேசிபி உடைத்துவிட்டால் தண்ணீர் கீழே போய்விடும், அல்லது உப்பு மேலே வந்துவிடும். இரண்டு வருஷ உழைப்பு போச்சு. முன்பு எவ்வளவு ஆழம் இருந்தது என்று ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள், வண்டலை மட்டும் அள்ளுங்கள், நடுவில் ஓரிடத்தில் சோதனைக் குழி போட்டு அந்தத் தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள்.

ஆழத்தைவிட முக்கியம் வரத்துக்கால். மழைத் தண்ணீர் ஊருணிக்கு வருகிற பாதையை யாராவது வேலி போட்டு அடைத்திருப்பார், அல்லது சீமைக்கருவேலம் அடைத்திருக்கும். அதைத் திறக்காமல் ஊருணியை எத்தனை ஆழம் தோண்டினாலும் அது வெறும் பள்ளம். கரையில் முள்வேலி, ஆடுமாடு இறங்காமல் தடுப்பு, குளிக்கவும் துவைக்கவும் தடை, இவை நம் தாத்தா பாட்டி காலத்திலேயே இருந்த கட்டுப்பாடுகள்தான். பக்கத்தில் மணல், ஜல்லி நிரப்பிய வடிகட்டிக் கிணறு ஒன்று அமைத்து, அதில் கைப்பம்ப் வைத்தால் யாரும் காலை நனைத்து இறங்க வேண்டியதில்லை. மதுரையின் தானம் அறக்கட்டளை பல ஊருணிகளைச் சீரமைக்க ஊர்க்காரர்களோடு வேலை செய்திருக்கிறது, அப்படிச் செய்த ஊர் ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

ஊருணியில் தண்ணீர் நிற்காத ஊரில் என்ன நடக்கிறது என்று உங்கள் இளைஞர்களை ஒரு சித்திரை மாதம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆற்று மணலில் ஆள் உயரத்துக்குக் குழி. அடியில் ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, குடத்து வாயில் கட்டின துணி வழியே ஊற்றுவார். ஊறுவதற்காகக் காத்திருப்பார், மறுபடி அள்ளுவார். மேலே தள்ளுவண்டியில் காலிக் குடங்கள் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்தவர்கள் ஊருணிக் கரையில் பிளாஸ்டிக் குப்பை போட மாட்டார்கள்.

கேள்வி: தேர்தல் நேரத்தில் மட்டும் தண்ணீர் லாரி தெருத் தெருவாக வருகிறது. மற்ற நாளில் கெஞ்சினாலும் வருவதில்லை. உலகம் முழுக்க இப்படித்தானா? – மாணவி, மதுரை

பதில்: பிரேசிலின் வடகிழக்கு வறண்ட பகுதியில் இப்படித்தான் இருந்தது. பஞ்சம் வந்தால் லாரித் தண்ணீர், லாரிக்குப் பின்னால் ஓட்டு. 1999-இல் அங்கே உழவர் சங்கங்கள், தேவாலயக் குழுக்கள், தொண்டு அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்து, வீட்டுக்கு ஒரு மழைநீர்த் தொட்டி, மொத்தம் பத்து லட்சம் தொட்டி என்று இலக்கு வைத்தார்கள். ஒவ்வொன்றும் 16,000 லிட்டர். கூரையில் விழுகிற மழையைச் சிமெண்ட் பலகைகளால் கட்டின வட்டத் தொட்டியில் பிடிப்பார்கள். ஒரு குடும்பத்துக்குக் குடிக்க, சமைக்க வறட்சி மாதங்கள் முழுக்கத் தாங்கும். உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே வைத்துக் கட்டினார்கள். பின்னால் மத்திய அரசும் காசு கொடுத்தது, பத்து லட்சம் இலக்கு நிறைவேறியது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இனிமேல்தான் வருகிறது. அந்தத் தொட்டி கிடைத்த குடும்பங்களையும் கிடைக்காத குடும்பங்களையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு நடந்து, 2022-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ என்ற இதழில் வெளிவந்தது. தொட்டி கிடைத்தவர்கள் அரசியல்வாதியிடம் போய் உதவி கேட்பது குறைந்தது, பதவியில் இருக்கிற மேயருக்கு விழுந்த ஓட்டும் குறைந்தது. வீட்டில் தண்ணீர் இருக்கிறவர் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை அல்லவா.

தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினோம். ஆனால் அது பெரும்பாலும் தண்ணீரை நிலத்துக்குள் இறக்குகிற முறை. நிலத்தடி உப்பாக இருக்கிற கடலாடி, திருவாடானை மாதிரி இடங்களில் இறக்குவதைவிடத் தொட்டியில் பிடித்து வைப்பதுதான் குடிக்க உதவும் என்பது என் கருத்து. ஓலைக் கூரை வீடுகளுக்கு இதில் சிக்கல் உண்டு, ஆகவே பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சமுதாயக் கூடம் என்று தளம் போட்ட பொதுக் கட்டடங்களிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரைக் குடித்து என் மகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை. காய்ச்சிக் குடித்தால் சரியாகுமா? – வாசகி, தருமபுரி

பதில்: காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய ஃபுளோரைடு இன்னும் அடர்த்தியாகும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை, அதற்கு மேல் குடிக்கக்கூடாது. உங்கள் மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு முக்கியமான காரணமே இந்த ஃபுளோரைடுதான். அந்தத் தண்ணீர் குறைவாக வந்தாலும் அதைக் குடிக்க, சமைக்க மட்டும் ஒதுக்குங்கள், போர் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். பல் முளைக்கிற வயதுக் குழந்தைகளுக்கு இது மிக முக்கியம், வந்த கறை தானாகப் போகாது. டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு "நல்ல தண்ணீர்" என்று சொல்கிற கேன் வியாபாரியை நம்ப வேண்டாம், அந்த மீட்டருக்கு மொத்த உப்பு மட்டும்தான் தெரியும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஃபுளோரைடுக்கென்று கேட்டுச் சோதியுங்கள்.

கேள்வி: கிராமசபையில் தண்ணீர் பற்றிப் பேச எழுந்தால் "அப்புறம் பேசலாம்" என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். எப்போது, எப்படிக் கேட்பது? – வாசகி, பரமக்குடி பக்கம்

பதில்: தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு கிராமசபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் பழையவை, 2022-இலிருந்து மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்தன. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்றைய சபையில் தண்ணீரை "அப்புறம்" என்று தள்ள யாருக்கும் வாய் வராது.

எழுந்து நின்று கஷ்டத்தைச் சொல்வதைவிட, ஒரு வாரம் முன்பே தீர்மானத்தை எழுதி, கையெழுத்து வாங்கி, ஊராட்சி செயலரிடம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். ஊராட்சித் தலைவர் இல்லாத காலம் என்றால் தனி அலுவலருக்கு எழுதுங்கள். ஜல் ஜீவன் விதிப்படி ஊருக்கு ஒரு குடிநீர்க் குழு இருக்க வேண்டும், அதில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் என்று பெயரைப் படிக்கச் சொல்லுங்கள், பல ஊரில் அந்தப் பெண்களுக்கே தாங்கள் உறுப்பினர் என்று தெரியாது. டேங்க் கொள்ளளவு, மாதத்துக்கு எத்தனை நாள் நிறைந்தது, உங்கள் குடியிருப்புக்கு ஒதுக்கிய அளவு எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்திருந்தால் இன்னும் பலம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும், ஆகவே மார்ச் சபைக்கு வேண்டுமென்றால் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். தீர்மானம் நிறைவேறியதும் பதிவேட்டில் எழுதுகிற வரை எழுந்து போகாதீர்கள், எழுதினதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.